கதையில் வரும் கடவுள்: வெகுசனக் கிறித்தவப் புதினங்களின் இறையியல் செம்மையை அளக்கும் முறை

சமயம் சார்ந்த கதை ஒன்று மக்களிடையே பெருவழக்காகப் பரவும்போது, அக்கதை அச்சமயத்தின் கொள்கையோடு பொருந்துகிறதா என்னும் வினாவும் உடன் எழுகிறது. தமிழுக்கு இவ்வினா புதிதன்று. அநபாய சோழன் சீவக சிந்தாமணியில் தோய்ந்திருந்ததைக் கண்ட சேக்கிழார், அது பொய்க்கதை என எடுத்துரைத்துச் சிவனடியார் வரலாற்றின்பால் அரசனைத் திருப்பினார் என்று உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் சேக்கிழார் புராணம் கூறுகிறது. இச்செய்தி வரலாறா, பிற்காலப் புனைவா என்பது தனி ஆய்வுக்குரியது. ஈண்டுக் கருதத்தக்கது அந்த எதிர்வினையின் வடிவம். சேக்கிழார் சிந்தாமணியின் பிழைகளைத் தொகுத்து மறுப்புநூல் எழுதவில்லை; மற்றொரு காப்பியம் செய்தார். நீலகேசி குண்டலகேசியை எதிர்கொண்ட முறை வேறு. அங்கே கதை மெலிந்து வாதம் மிகுந்தது. அதனால் அது இன்று பெரிதும் தருக்க நூலாகவே படிக்கப்படுகிறது. சிந்தாமணியோ அதன் சமயத்தைச் சாராத நச்சினார்க்கினியரின் உரையாலும், சைவச் சூழலில் வளர்ந்த உ. வே. சாமிநாதையரின் 1887ஆம் ஆண்டுப் பதிப்பாலும் நிலைபெற்றது. தமக்குக் கொள்கையளவில் ஒவ்வாத கதையைப் பேணிய இவர்கள், அதனால் தம் கொள்கைக்கு ஊறு நேர்ந்ததாகக் கருதவில்லை.

இப்பின்னணியோடு நோக்கும்போது, அண்மைக் காலத்தில் வட அமெரிக்கக் கிறித்தவ உலகில் இரு புதினங்களைச் சுற்றி எழுந்த வழக்கு தமிழாய்வாளர்க்கு அயலானதாகத் தோன்றாது. ஒன்று, டிம் லஹே, ஜெரி ஜென்கின்ஸ் ஆகிய இருவர் எழுதிய 'லெஃப்ட் பிஹைண்ட்' வரிசை. 1995 முதல் 2007 வரை 16 தொகுதிகளாக வெளிவந்து ஆறு கோடிப் படிகளுக்குமேல் விற்றது. மற்றொன்று, கனடாவில் பிறந்த வில்லியம் பால் யங் எழுதிய 'தி ஷாக்' (2007). இவ்விரண்டில் எது இறையியல் அளவில் செம்மையானது என்னும் வினாவைவிட, கதையின் செம்மையை எங்கே தேடுவது என்னும் வினாவே முதன்மையானது. பாத்திரங்களின் பேச்சிலா, படிமங்களிலா, கதைப்போக்கு எதனை வெற்றியாகக் காட்டுகிறது என்பதிலா?

குடிசையில் மூவர்

'தி ஷாக்' தோன்றிய முறை எளியது. யங் தம் ஆறு பிள்ளைகளுக்காக எழுதி, 2005இல் 15 படிகள் மட்டும் எடுத்துக் குடும்பத்தாருக்கும் நண்பர்க்கும் கொடுத்த கதை அது. வேன் ஜேக்கப்சன், பிராட் கம்மிங்ஸ் என்னும் இருவர் துணையோடு அது திருத்தி எழுதப்பட்டது. பதிப்பகங்கள் ஏற்க மறுத்தமையால் அவ்விருவரும் தாமே ஒரு பதிப்பகம் தொடங்கி வெளியிட்டனர். 2008இல் அது 'நியூயார்க் டைம்ஸ்' இதழின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 2017இல் திரைப்படமாகவும் வந்தது.

கதைத் தலைவன் மெக்கன்சி என்னும் மேக். பிள்ளைகளோடு ஆரிகன் மாநிலத்து ஏரிக்கரையில் கூடாரமிட்டுத் தங்கியிருந்தபோது அவனுடைய இளைய மகள் மிஸ்ஸி கடத்தப்படுகிறாள். காட்டிலுள்ள ஒரு குடிசையில் அவளுடைய குருதி படிந்த உடை கிடைக்கிறது, உடல் கிடைக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து, அதே குடிசைக்கு வருமாறு 'பாப்பா' என ஒப்பமிட்ட கடிதம் ஒன்று வருகிறது. மேக்கின் மனைவி கடவுளை அழைக்கும் பெயர் அது. தமிழில் குழந்தையைக் குறிக்கும் சொல் அம்மொழியில் தந்தையைக் குறிக்கிறது. அங்கே சென்ற மேக் மூவரைக் காண்கிறான். தந்தையாகிய கடவுள் சமையற்கட்டில் உணவு ஆக்கிக்கொண்டிருக்கும் கறுப்பினப் பெண்ணாகவும், மகன் மேற்காசிய முகமுடைய தச்சராகவும், தூய ஆவி ஆசியச் சாயலுடைய 'சரயு' என்னும் பெண்ணாகவும் தோன்றுகின்றனர். அப்பெயர் காற்றைக் குறிப்பதாகப் புதினம் சொல்கிறது. கம்பனின் ஆற்றுப்படலம் கற்றவர்க்கு அது அயோத்தியை வளப்படுத்தும் ஆறாகவே நினைவுக்கு வரும் என்பது வேறு செய்தி.

இப்புதினம் பெருவரவேற்பும் கடுங்கண்டனமும் ஒருங்கே பெற்றது. தென் பாப்டிஸ்டு இறையியல் கல்லூரித் தலைவர் ஆல்பர்ட் மோலர் 2010இல் இதனைக் கண்டித்து எழுதினார். ஜேம்ஸ் டி யங் என்னும் விவிலிய அறிஞர் அதே ஆண்டில் ஒரு முழுநூலையே மறுப்பாக வெளியிட்டார். கத்தோலிக்கத் தமிழில் 'தப்பறை' என்றும் சீர்திருத்தச் சபைத் தமிழில் 'வேதப்புரட்டு' என்றும் வழங்கும் குற்றச்சாட்டுகள் பல இப்புதினத்தின்மேல் சுமத்தப்பட்டன.

அவற்றுள் மிகுதியாகப் பேசப்பட்டது கடவுளைப் பெண்ணாகக் காட்டியமை. இதுவே வலுவற்ற குற்றச்சாட்டு. எசாயா நூலின் 66ஆம் அதிகாரம் கடவுளின் ஆறுதலைத் தாயின் ஆறுதலோடு ஒப்பிடுகிறது. லூக்கா 15ஆம் அதிகாரத்தில் காணாமற்போன ஆட்டைத் தேடும் ஆயனையும் காத்திருக்கும் தந்தையையும் கடவுளுக்கு உவமையாக ஏற்பவர், அவ்விரண்டுக்கும் நடுவே விளக்கேற்றி வீட்டைப் பெருக்கி நாணயம் தேடும் பெண்ணை விலக்க இயலாது. பேறுகாலத் துணையாகச் சிவன் தாயுருவில் வந்த திருச்சிராப்பள்ளிக் கதையை அறிந்த தமிழ் வாசகர்க்கு இதில் வியப்பும் இல்லை. அன்றியும், குடிகாரத் தந்தையால் துன்புற்று வளர்ந்தவன் மேக். 'தந்தை' என்னும் சொல்லே அவனுக்குப் புண். ஆதலின் இவ்வுருவம் அவன் பொருட்டு ஏற்றது எனக் கதையே காரணம் கூறுகிறது. மகளின் உடலைத் தேடிச் செல்லும் நாளில் பாப்பா ஆண் உருவில் வருவதும் அதனாலேயே. உருவம் கடவுளின் இயல்பைச் சொல்லவில்லை, காண்பவனின் தேவையைச் சொல்கிறது.

வலுவுள்ள குற்றச்சாட்டு வேறிடத்தில் உள்ளது. பாப்பாவின் மணிக்கட்டிலும் ஆணித் தழும்புகள் உண்டு. கடவுள் மனிதரானதை மூவருக்கும் பொதுவான செயலாகப் பாப்பா கூறும் பகுதியும் உண்டு. மனிதராகிப் பாடுபட்டவர் மகன் ஒருவரே என்பது திருச்சபையின் பழங்கொள்கை. தந்தையே துன்புற்றார் என்னும் கருத்தை மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெர்த்துல்லியன் பிராக்சேயாசுக்கு எதிராக மறுத்தெழுதினார். கோட்பாட்டு அளவுகோல் கொண்டு நோக்கின் இது பிழையே. கதைதானே என்று கூறி இதனைக் கடந்து செல்வது கதைக்கு மதிப்பளிப்பதாகாது. அத்தழும்புகளே கதையின் திருப்புமுனை. தன் மகள் துன்புற்றபோது கடவுள் எங்கிருந்தார் என்னும் மேக்கின் வினாவுக்கு, அவர் விலகியிருக்கவில்லை என்னும் விடையை அத்தழும்புகளே தருகின்றன. பிழையும் ஆறுதலும் ஒரே படிமத்தில் பிணைந்து கிடக்கின்றன. ஒன்றை நீக்கினால் மற்றொன்றும் போகும். ஆசிரியர் சற்று மாற்றி எழுதியிருக்கலாம் என்று சொல்வது எளிது. ஆயின் மகனின் தழும்புகளை மட்டும் காட்டியிருந்தால் மேக்கின் சினம் தணிந்திராது. அவன் வழக்கு தந்தையோடுதான்.

யோபுவின் நண்பர்கள்

பாத்திரங்களின் பேச்சைத் தனித்தனியே பிரித்தெடுத்து நிறுக்கும் முறை விவிலியத்திலேயே தோற்றுப்போகும். யோபு நூலில் எலிப்பாசு, பில்தாது, சோப்பார் ஆகிய நண்பர் மூவர் பேசுவன பெரும்பாலும் குற்றமற்ற கோட்பாடுகள்: கடவுள் நீதியுள்ளவர், தீமைக்குத் தண்டனை உண்டு, மனிதன் அவர்முன் தூயவன் அல்லன். இவற்றுள் பலவற்றைப் பிற திருநூல்களிலும் காணலாம். யோபுவின் பேச்சோ கடவுளை வழக்குமன்றுக்கு அழைக்கும் அளவு துணிவுடையது. இறுதியில் கடவுள் சினப்பது நண்பர்கள் மீது. தம்மைப்பற்றி யோபு பேசியதே நேரியது என்கிறார் (42:7). சரியான கோட்பாட்டைத் தவறான இடத்தில், துன்புறுபவன் முகத்துக்கு நேரே, அவனைக் குற்றவாளியாக்கும் நோக்கோடு கூறுவது பொய்யாக முடியும் என்பதை அந்நூல் தன் அமைப்பினாலேயே நிறுவுகிறது.

லூக்கா 16இல் இயேசு கூறும் நேர்மையற்ற கணக்கனின் கதையும் இத்தகையதே. தலைவனின் கடன்பத்திரங்களைக் குறைத்தெழுதி நண்பரைச் சேர்த்துக்கொண்ட ஒருவன் அக்கதையில் பாராட்டுப் பெறுகிறான். அவனுடைய செயலை அறநெறியாக ஏற்றுக்கொண்டவர் எவரும் இலர். அக்கதையை விவிலியத்திலிருந்து நீக்கியவரும் இலர். தொல்காப்பியம் நாடக வழக்கையும் உலகியல் வழக்கையும் இணைத்துப் புலனெறி வழக்கம் எனப் பெயரிட்டது இங்கு நினைக்கத்தக்கது. புனைவில் வரும் கூற்று யாரால், யாரிடத்து, எச்சூழலில் சொல்லப்படுகிறது என்பதைக் கொண்டே பொருள் கொள்ளும் மரபு தமிழ்க் கவிதையியலின் அடிப்படை. கூற்றை அறியாது பொருள் உரைக்கும் உரையாசிரியர் தமிழில் இல்லை. இறையியல் மதிப்பீட்டாளர்கள் பலர் இவ்வளவு கவனத்தையும் புதினத்துக்கு அளிக்கவில்லை.

எனினும் 'தி ஷாக்' புதினத்தை இந்த அளவுகோல் முழுமையாகக் காப்பாற்றிவிடும் எனக் கொள்ளுதல் தவறு. அப்புதினத்தில் பேசுவது கடவுள். மனிதப் பாத்திரம் பிழைபடப் பேசினால் அது பாத்திரத்தின் பிழை; கடவுளாகிய பாத்திரம் பேசுவது அனைத்தையும் கதையே உறுதிசெய்கிறது. அதற்கு எதிர்க்கூற்று இல்லை. யோபு நூலில் புயலின் நடுவிலிருந்து பேசும் கடவுள் யோபுவின் வினாக்களில் ஒன்றுக்கும் விடை சொல்லவில்லை. விண்மீனையும் காட்டுக்கழுதையையும் கடல் விலங்கையும் காட்டி வினாக்களையே திரும்பத் தொடுக்கிறார். அந்த மௌனமே யோபுவை அமைதிப்படுத்துகிறது. 'தி ஷாக்' புதினத்தின் கடவுளோ உணவு மேசையிலும் தோட்டத்திலும் ஏரிக்கரையிலும் அமர்ந்து எல்லா வினாக்களுக்கும் இன்சொல்லால் விடை கூறுகிறார். திரித்துவம், மனித உரிமை, தீமையின் தோற்றம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓர் இயல் உண்டு. தழும்பு செய்த பணியை விளக்கவுரை கெடுக்கிறது. இப்புதினத்தின் குறை தப்பறை என்பதைவிட, கடவுளுக்கு ஏற்ற மௌனத்தை அது அறியாதது என்பதே பொருந்தும்; அக்குறை ஒரே வேளையில் கலைக்குறையும் இறையியற்குறையும் ஆகும்.

குகையில் நிகழும் சோஃபியாவின் இயல் மட்டும் இதற்கு விலக்கு. ஞானத்தின் உருவாகிய சோஃபியா மேக்கை நீதிபதியின் இருக்கையில் அமர்த்துகிறாள். அவனுடைய ஐந்து பிள்ளைகளுள் இருவரை விண்ணகத்துக்கும் மூவரை நரகத்துக்கும் தேர்ந்து அனுப்புமாறு கேட்கிறாள். அவன் மறுக்கிறான், அவர்களுக்கு மாற்றாகத் தன்னை அனுப்புமாறு மன்றாடுகிறான். இப்போது நீ கடவுளைப்போல் அன்பு செய்கிறாய் என்பது அவள் தரும் தீர்ப்பின் சாரம். இங்கே விளக்கம் இல்லை, செயல் உண்டு. மனிதத் தந்தையின் அன்பிலிருந்து கடவுளின் அன்புக்கு ஏறும் இவ்வாதமுறை மத்தேயு 7ஆம் அதிகாரத்தில் இயேசுவே கையாண்டது. அனைவரும் இறுதியில் மீட்படைவர் என்னும் கொள்கைக்கு இவ்வியல் வாயில் திறக்கிறது என்று கண்டனம் செய்தவர்கள் தவறாகப் படிக்கவில்லை. ஆனால் அவர்கள் கேட்காத வினா ஒன்று உண்டு: அந்தக் கணக்கில் மிஸ்ஸியைக் கொன்றவனும் ஒரு தந்தையின் பிள்ளை எனின், கொலையுண்ட சிறுமியின் முறையீடு எங்கே கேட்கப்படும்? புதினம் அவளை விண்ணகத்தில் விளையாடும் குழந்தையாகக் காட்டி அவ்வினாவை மூடிவிடுகிறது. கொலையாளியை மன்னிக்கும் சொல்லை மேக் கூறுகிறான். அவன் தன் பொருட்டு மன்னிக்கலாம். மகள் பொருட்டு மன்னிக்கும் உரிமை அவனுக்கு உண்டா என்பதைப் புதினம் எழுப்பவே இல்லை. கோட்பாட்டுப் பட்டியல் எதிலும் அடங்காத இந்த இடைவெளியே, பிள்ளையை இழந்து இந்நூலை நாடும் வாசகரைப் பொறுத்தவரை, தழும்புச் சிக்கலைவிடப் பெரியது.

எடுக்கப்பட்டோரும் விடப்பட்டோரும்

'லெஃப்ட் பிஹைண்ட்' வரிசையின் கதை ஒரு நொடியில் தொடங்குகிறது. விசுவாசிகளும் குழந்தைகளும் உடைகளை அப்படியே விட்டு உலகெங்கும் மறைகின்றனர். எஞ்சியோர் நடுவே, ருமேனியரான நிக்கொலாய் கார்ப்பாத்தியா ஐக்கிய நாடுகள் அவையின் வழியே உலக ஆட்சியைக் கைப்பற்றும் எதிர்க்கிறிஸ்துவாக எழுகிறான். தமிழகச் சபைகள் பலவற்றில் 'இரகசிய வருகை' எனப் பேசப்படும் இக்கொள்கையை முறைப்படுத்திப் பரப்பியவர் 19ஆம் நூற்றாண்டினரான ஜான் நெல்சன் டார்பி. 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு விவிலியத்தின் அடிக்குறிப்புகள் அதனை அமெரிக்க இல்லங்களுக்குக் கொண்டு சென்றன. திருச்சபையின் பழைய விசுவாச அறிக்கைகளில் அதற்கு இடமில்லை. லூத்தரன் திருச்சபையின் மிசௌரிப் பேரவையைச் சார்ந்த இறையியல் குழு 2004இல் இப்புதின வரிசைக்கு விரிவான மறுப்பு வெளியிட்டது.

மறுப்புக்கு அடிப்படை உண்டு. வயலில் இருவருள் ஒருவன் எடுக்கப்படுவான் என்னும் மத்தேயு 24ஆம் அதிகாரப் பகுதியை, அதற்கு முந்திய வரிகளில் வரும் நோவாவின் வெள்ளத்தோடு சேர்த்துப் படித்தால், வாரிச் செல்லப்பட்டோர் அழிந்தோரே. எஞ்சியோரே காக்கப்பட்டோர் எனவும் பொருள் கொள்ள இயலும். இருப்பினும் 'தி ஷாக்' புதினத்துக்கு எழுந்த சீற்றத்தோடு ஒப்பிட, இவ்வரிசைக்கு எழுந்த எதிர்ப்பு அடங்கிய குரலில் இருந்தது. காரணம் தெளிவு. இதன் பாத்திரங்கள் பேசுவன பழகிய சொற்கள்: பாவம், மனந்திரும்புதல், சிலுவை, மீட்பு. வாக்கியங்களைப் பிரித்து நிறுத்தால் குறை சிறிது. குறை கதைப்போக்கில் உள்ளது. முடிவை முன்னரே அறிந்த நல்லோர் சிலருக்குப் பேரழிவுகள் யாவும் அட்டவணையில் நிறைவேறிய குறிகளாக ஆகிவிடுகின்றன. 2004இல் வெளிவந்த 12ஆம் தொகுதியில் கிறிஸ்து திரும்பி வந்து தம் சொல்லால் பகைவர் படையைக் கூட்டங்கூட்டமாக அழிப்பது விரிவாகச் சொல்லப்படுகிறது. திருவெளிப்பாட்டு நூலில் வாள் கிறிஸ்துவின் வாயிலிருந்து வருவதாகக் கூறப்படுவது உண்மையே. ஆயின் அங்கே அது குறியீட்டு மொழி. அக்குறியீட்டை உடற்கூற்று விவரணையாக மாற்றும்போது வாசகர் பெறும் உணர்ச்சி வேறாகிறது. பகைவரிடத்து அன்பு காட்டுக என்று கற்பித்தவரின் பெயரால், பகைவர் மடிவதைக் கண்டு நிறைவுகொள்ள ஒரு பெருங்கூட்டத்தைப் பழக்கிய கதை, வாக்கிய அளவில் எவ்வளவு செம்மையுடையதாயினும் இறையியலளவில் செம்மையுடையதாகாது.

பனியனும் கிருட்டிண பிள்ளையும்

'தி ஷாக்' புதினத்தைப் பாராட்டிய யூஜின் பீட்டர்சன் அதனை ஜான் பனியனின் 'தி பில்கிரிம்ஸ் புரோகிரஸ்' (1678) நூலோடு ஒப்பிட்டார். உரிமமின்றிப் போதித்ததற்காகப் பனியன் 1660 முதல் 1672 வரை சிறையிலிருந்தவர். கதை புனைவது பொய் அன்றோ என ஐயுற்ற தம் காலத்துச் சமயத்தோருக்கு, நூலின் முன்னுரைச் செய்யுளில் அவர் விடை கூறினார்: திருநூலே உருவகங்களாலும் நிழல்களாலும் பேசுகிறது என்பது அவர் வாதம். சீர்திருத்தச் சபையோர் கோட்பாட்டுக்கு மாறானதாக அவருடைய கதையில் எதையும் காட்டுதல் அரிது. ஆயினும் அதன் இறுதிப் பக்கத்தில், நகர்வாயில்வரை நடந்து வந்துவிட்ட அறியாமை என்னும் பாத்திரம் கைகால் கட்டப்பட்டு மலைச்சரிவின் கதவு வழியே நரகத்தில் தள்ளப்படுகிறது. அத்துடன் கனவு கலைகிறது. சோஃபியாவின் முன் நின்ற மேக்கை அந்தக் கதவின் அருகே நிறுத்திப் பார்த்தால், செம்மை என்பது இருவேறு திசைகளில் விலைகேட்பது விளங்கும்.

எச். ஏ. கிருட்டிண பிள்ளை (1827–1900) பனியனைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) செய்தபோது மூலத்தை அப்படியே பெயர்க்கவில்லை. பனியனிடத்தில் சிலுவை ஒரு காட்சி. பயணி அதனைக் கண்டவுடன் முதுகின் சுமை விழுகிறது, கதை மேலே செல்கிறது. கிருட்டிண பிள்ளை அங்கே நின்றுவிட்டார். இயேசுவின் பாடுகளை 'இரட்சணிய சரிதப் படலம்' என விரித்துப் பாடினார். வைணவக் குடியில் பிறந்து கம்பனில் ஊறியவர்க்கு உருவகம் மட்டும் போதவில்லை. துன்புறும் தலைவன் ஒருவன் கண்முன் வேண்டியிருந்தது. பக்தி மரபின் சொற்களைக் கிறித்தவத்துக்கு ஆளும்போது அவற்றோடு பழைய கொள்கையும் உடன் வாராதா என்னும் ஐயம் இங்கும் எழக்கூடியதே. வீரமாமுனிவரின் தேம்பாவணிக்கும் (1726) இத்தகைய நிலை உண்டு. அக்காப்பியத்துக்கு மூலமாக ஆய்வாளர் சுட்டும் ஆகிர்தா மரியாளின் ஸ்பானிய நூல், 1681இல் உரோமை விசாரணை மன்றத்தால் தடைசெய்யப்பட்டு, பின் ஸ்பெயின் மன்னரின் வேண்டுகோளால் தடை நிறுத்திவைக்கப்பட்ட வரலாறு உடையது. தேம்பாவணியைக் கற்போர் அத்தடையை நினைப்பதில்லை. நினைக்க வேண்டிய தேவையும் எழவில்லை. மூலநூல் தன்னை மறைவெளிப்பாடு என்று கூறிக்கொண்டது. காப்பியம் தன்னைக் காப்பியம் என்றே கூறியது.

இவ்வேறுபாடு யங்குக்கும் பொருந்தும். 2017இல் அவர் கடவுளைப் பற்றி மக்கள் நம்பும் பொய்கள் எனத் தாம் கருதியவற்றைத் தொகுத்து ஓர் உரைநடை நூல் வெளியிட்டார். அனைவருக்கும் மீட்பு உண்டு என்பதை அதில் வெளிப்படையாக ஏற்றார். அந்நூலை வாக்கியம் வாக்கியமாகக் கோட்பாட்டுத் தராசில் நிறுப்பது முறையே. அது அத்தராசை வேண்டி எழுதப்பட்டது. அதைச் சான்றாகக் காட்டி, பத்தாண்டுக்கு முந்திய புதினமும் அதையே மறைத்துச் சொன்னது எனக் கண்டனக்காரர் முடிவு கட்டினர். ஆனால் புதினத்தின் முந்திய வடிவங்களில் இருந்த அக்கருத்தைத் திருத்தத்தின்போது தாங்கள் நீக்கியதாக ஜேக்கப்சன் முன்னரே எழுதியிருந்தார். அச்சில் வந்தது மூவர் கைபட்ட வடிவம். குகையில் மேக் அளித்த விடைக்குப் பின் சோஃபியா தன் வினாவைத் திரும்பப் பெறவும் இல்லை, நரகம் இல்லை என்று கூறவும் இல்லை.